பதில் வரும் வரை

செப்டம்பர் மாதத்தின் முதல் திங்கட்கிழமை. காலை ஆறரை மணிக்கு வேட்டைக் குடிலில் பதினொரு பேர் இருந்தோம். போன வருடம் பன்னிரண்டு.

குழுத் தலைவி குன்வோர் காப்பியைக் கீழே வைத்துவிட்டு விதிகளைப் படித்தார். சொல்லும் வரை பரணை விட்டு யாரும் இறங்கக் கூடாது. பரணுக்கு எதிரே நட்டிருக்கும் இரண்டு சிவப்புக் கம்புகளுக்கு நடுவில் மட்டுமே சுட வேண்டும். ஆரஞ்சு மேலங்கியை எதற்காகவும் கழற்றக் கூடாது.

கடைசி விதியில் அவர் குரல் தாழ்ந்தது. போன வருடம் என் மனைவி மாலின் அதைக் கழற்றியிருந்தாள். அவள்தான் எங்கள் நாய்க்காரி, நாயோடு காட்டுக்குள் நடந்து மானைக் கிளப்புபவள். மூஸ் மான் உதைத்து அவள் நாய் ரஸ்க்கின் விலா கிழிந்துவிட்டது. மேலங்கியால் காயத்தை இறுகக் கட்டி, நாயை மார்போடு அணைத்துக்கொண்டு கிளைகளுக்குள் குனிந்து நடந்தாள். ஏழாம் பரணில் இருந்தவருக்குப் பழுப்புக் கம்பளிச் சட்டையின் முதுகு மட்டும் தெரிந்தது. மான் என்று சுட்டார். அவர் ஸ்டூரே. மாலினின் தாய்மாமன்.

"நான் ஒரு விதி எழுதிட்டு வந்திருக்கேன்," என்றேன். "மானைப் பார்த்ததும் ரேடியோவில நாய்க்காரரைக் கூப்பிடணும். எங்க இருக்கேன்னு அவர் சொன்ன பிறகுதான் சுடணும். பதில் வரலைன்னா சுடக் கூடாது."

"அதுக்குள்ள மான் நார்வேக்குப் போய்க் குடியுரிமையே வாங்கிடும்டா எஸ்கில்," என்றார் பெர்டில்.

யாரோ சிரிக்கத் தொடங்கி, என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

"ஒத்துக்கிறவங்க கையைத் தூக்குங்க," என்றார் குன்வோர்.

ஐந்து கைகள் உயர்ந்தன. ஐந்து உயரவில்லை. மீதி இருந்தவர் கதவோரம் நின்ற ஸ்டூரே. துப்பாக்கி இல்லாமல் வந்திருந்தார். அடக்கத்திற்குப் பிறகு நாங்கள் பேசியதில்லை.

"நான் இனிமே சுடப் போறதில்ல," என்றார். "நாயைக் கூட்டிட்டுப் போக ஆள் வேணும்ல, அதுக்கு வந்தேன். எனக்கு ஓட்டு உண்டா?"

"உண்டு," என்றார் குன்வோர்.

ஸ்டூரே கையைத் தூக்கினார்.

ரஸ்க் இப்போது என் நாய். அதன் வாரை அவரிடம் நீட்டினேன். நுனியைப் பிடித்து வாங்கிக்கொண்டார்.

பரணுக்குச் சீட்டு எடுத்தோம். எனக்கு ஏழு வந்தது.

"வேற எடுத்துக்கோப்பா," என்றார் குன்வோர்.

"பரவாயில்ல."

பத்து மணிக்கு மேல் ரஸ்க் ஒரே இடத்தில் நின்று குரைக்கும் சத்தம் கேட்டது. மானை நிறுத்திவிட்டது. பிறகு சத்தம் நகர்ந்து நெருங்கியது. அறுபது மீட்டரில் கிளைகளுக்குப் பின்னால் ஒரு பழுப்பு உடல். இரண்டு சிவப்புக் கம்புகளுக்கும் சரியாக நடுவில்.

"ஸ்டூரே மாமா, எங்க இருக்கீங்க?"

பதில் இல்லை.

"மாமா, ஏழாம் பரண். எங்க இருக்கீங்க?"

ரேடியோ இரைந்தது, அவ்வளவுதான். என் விரல் விசைக்கு வெளியே நீட்டியபடி இருந்தது. அப்படித்தான் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். அது மான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போன வருடம் அவருக்கும் சந்தேகம் இருந்திருக்காது.

மான் தலையைத் திருப்பியது. கொம்பு தெரிந்தது. நான்கைந்து எட்டு வைத்துக் காட்டுக்குள் போய்விட்டது.

அது நின்றிருந்த இடத்திற்கு நேர் பின்னால் கிளைகள் விலகின. ஆரஞ்சு நிறம். ஸ்டூரே இடுப்பு வரை நனைந்திருந்தார்.

"ஓடையில வழுக்கிட்டேன்," ரேடியோவில் மூச்சு வாங்கினார். "ரேடியோ கையை விட்டுப் போயிருச்சு, தேடி எடுத்தேன். ஏன்டா சுடல?"

"நீங்க பதில் சொல்லல."

அவர் மான் நின்ற இடத்தைப் பார்த்தார். பிறகு பரணைப் பார்த்தார். இந்தப் பரணை அவர் கீழேயிருந்து பார்ப்பது இதுவே முதல் முறையாக இருக்கலாம்.

"அன்னிக்கு நான் கூப்பிட்டிருந்தா..."

ரேடியோவை எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் மனம் நோகாதபடி ஏதாவது சொல்லியிருக்கலாம்.

"பதில் சொல்லியிருப்பா," என்றேன்.

அவர் தலையசைத்தார். தொப்பியைக் கழற்றப் போனவர் அது ஆரஞ்சு என்பது நினைவுக்கு வந்து கையை இறக்கிக்கொண்டார். நான் தோட்டாவை வெளியே எடுத்தேன்.

"எட்டாம் பரண்," பெர்டிலின் குரல் கிசுகிசுத்தது. "மான் இங்க வந்து நிக்குது. ஸ்டூரே, நீ எங்க இருக்கே?"

ஸ்டூரே ரேடியோவை வாயருகே கொண்டுபோனார்.

"ஏழுக்கு எதிர்ல. எஸ்கில் கண்ணு முன்னாடி நிக்கிறேன்."

"எஸ்கில்?"

"ஆமா, பார்த்துட்டுதான் இருக்கேன்."

வெடிச் சத்தம் மலையில் மோதித் திரும்பியது. ஸ்டூரேயின் உடல் ஒருமுறை அதிர்ந்தது. பிறகும் அவர் நின்றுகொண்டிருந்தார்.