கொடியில் நீலச் சட்டை

இளையவள் தன் புருஷனின் நீலச் சட்டையைத் துவைப்பதைப் பார்க்கத் தெருவில் யாருக்கும் டிக்கெட் கிடையாது. மற்ற துணிக்கெல்லாம் இரண்டே அடி. இதற்கு மட்டும் காலருக்குத் தனி சோப்பு. காயப்போடும்போது முதுகில் அச்சடித்த 'படகு கிளப்' என்ற எழுத்து மூத்தவளின் வாசலைப் பார்த்தே இருக்கும்.

"திருப்பிப் போட்டா காயாதாடி?" என்றாள் மூத்தவள்.

"எழுத்து நல்லா காயணும்க்கா."

இருவரும் அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள். அண்ணன் மரப்படகு ஓட்டுகிறவர். தம்பிக்குக் கிளப்பில் வேலை. மஞ்சள் பிளாஸ்டிக் படகுகளில் ஏறுகிறவர்களுக்குக் கை கொடுப்பான். கிளப் வேலி போட்டபோது இந்தக் கரையில் இருந்த ஒரே படித்துறையும் உள்ளே போய்விட்டது. விடியற்காலையில் தம்பி சத்தமில்லாமல் கேட்டைத் திறந்துவிடுவான். அண்ணன் அக்கரை ஃபாக்டரிக்குப் போகிற ஆட்களை ஏற்றிக்கொண்டு நகர்ந்துவிடுவார். அவர் வீட்டு அடுப்பு எரிந்தது அந்த நடையில்தான்.

பிறகு ஒரு நாள் இளையவள் ஒரு போட்டோவைக் கொண்டுவந்து காட்டினாள். மஞ்சள் படகில் இளையவள், கையில் துடுப்பு, கண்ணில் கறுப்புக் கண்ணாடி.

"கண்ணாடி யாருது?"

"மேனேஜர் மேசையில கிடந்துச்சு. அவர் வர்றதுக்குள்ள எடுத்துட்டோம்க்கா."

மூத்தவளுக்கு அன்று சோறு இறங்கவில்லை. "என்னை ஒரு நாளாவது உங்க படகுல உக்கார வெச்சு போட்டோ எடுத்திருக்கீங்களா?" என்று கணவரைக் கேட்டாள்.

"அது ஒழுகுதே. நீ தண்ணி மொண்டு ஊத்தறதையா எடுக்கறது?"

மறுநாள் அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு கிளப்புக்குப் போனாள். "சார், நீங்க வர்றதுக்கு முன்னாடியே கேட்டைத் திறந்து சொந்தக்காரங்களை எல்லாம் உள்ள விடறாங்க. நான் சொன்னதா சொல்லிடாதீங்க." மேனேஜர் உட்காரச் சொல்லி, குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார். அவள் சிரித்த முகமாக வீடு திரும்பினாள்.

தம்பிக்கு வேலை போகவில்லை. சாவிதான் போனது. கேட்டுக்குப் புதுப் பூட்டு. மரப்படகை மேலே இழுத்து வேலிக்கு வெளியே கவிழ்த்துப் போட்டார்கள். இழுத்தவர்களில் நீலச் சட்டையும் ஒன்று.

அண்ணன் இரண்டு துடுப்புகளையும் தோளில் சுமந்து வந்து சுவரில் சாய்த்தார்.

"எவனோ போட்டுக் கொடுத்திருக்கான். அவன் நல்லா இருப்பானா?"

மூத்தவள் தலை நிமிராமல் அவருக்குச் சோறு போட்டாள்.

சில நாள் கழித்து இளையவள் ஈரத் துணியோடு வந்து நின்றாள்.

"அக்கா, கொடி தொய்யுது. அந்தத் துடுப்பு சும்மாதானே நிக்குது, முட்டுக் கொடுக்க ஒண்ணு தர்றீங்களா?"

மூத்தவள் ஒன்றை எடுத்து வந்து, தானே கொடிக்கு முட்டுக் கொடுத்தாள். நீலச் சட்டை கூரைக்கு மேலே போனது. அதிலிருந்து சொட்டிய தண்ணீர், காய்ந்து வெளுத்திருந்த துடுப்பில் கோடாக இறங்கியது.