போசன் வீடு

என் தம்பி முப்பது வருடம் சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்தான். அவன் போசன். கேப்டனும் அவருக்குக் கீழே உள்ள அதிகாரிகளும் உத்தரவு போடுவார்கள். மேல்தளத்து ஆட்களை வைத்து அதைச் செய்து முடிக்கிறவன் போசன். நங்கூரம், கயிறு, பெயிண்ட், உயிர்காப்புப் படகு எல்லாம் அவன் பொறுப்பு. கப்பலில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கேப்டனுக்கும் அவன் போசன்தான், சமையற்காரருக்கும் போசன்தான்.

இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் தெரு முழுக்க அவனைக் கேப்டன் என்று சொல்லி வைத்திருந்தேன்.

எங்கள் அப்பா நீதிமன்றத்தில் தலைமை எழுத்தர். நான் பதிவு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அடுத்தவர் பதவியை ஓர் எழுத்து பிசகாமல் எழுத வைத்தவன். ஆனால் எங்கள் வீட்டுப் பிள்ளை கயிறு இழுக்கிறான் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்த அன்று, "என் தம்பி, கேப்டன்" என்று சம்பந்தியிடம் அறிமுகம் செய்தேன். தம்பி சிரித்துவிட்டான்.

"அண்ணே, ஒரு கப்பலுக்கு ஒரு கேப்டன்தான். எங்காளு காதுல விழுந்தா என்னை நடுக்கடல்ல இறக்கி விட்டுருவாரு. நான் போசனுங்க."

"தன்னடக்கம் ஜாஸ்தி," என்று சம்பந்தியிடம் சொல்லிச் சமாளித்தேன். அவர்கள் போன பிறகு, "என் மானத்தை வாங்காதே" என்றேன்.

"போசன்னா மானம் போயிருமாண்ணே?"

அதற்குப் பிறகு விடுமுறையில் வந்தால், என் வாசலில் நின்று நலம் விசாரித்துவிட்டு நேரே மாடியில் தன் வீட்டுக்குப் போய்விடுவான். உள்ளே வந்து உட்கார்ந்ததில்லை.

போன மாதம் எங்கள் துறைமுகத்திலேயே கப்பலைக் கரையோடு பிணைக்கும்போது கயிறு அறுந்து அவன் மார்பில் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து உடலை நான்தான் வாங்கி வந்தேன். வாசலில் வைக்க அறிவிப்புப் பலகை எழுதக் கொடுத்தபோதும், பெயருக்கு முன்னால் கேப்டன் என்றே போடச் சொன்னேன். தம்பி மனைவி அதைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடக்கத்தன்று காலை, கூடத்தில் சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருந்தபோது, வாசலில் நான்கு பேர் வந்து நின்றார்கள். துவைத்து மடித்த சட்டை. நகக்கண்ணில் மட்டும் பெயிண்ட் போகவில்லை. அவர்களில் மூத்தவர் கையில் வெள்ளைக் கயிற்றால் முடைந்த வளையம் ஒன்று இருந்தது. பலகையைப் படித்துவிட்டுத் தயங்கினார்கள். நான் இறங்கிப் போனேன்.

"ஐயா, எங்க போசன் வீடு இதுங்களா?"

எனக்குப் பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. சம்பந்தி எட்டிப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"போசன்னு இங்க யாரும் இல்ல. இது கேப்டன் வீடு."

மூத்தவர் என் முகத்தைப் பார்த்தார். "உங்களைப் பார்த்தா எங்க போசன் ஜாடை இருக்குதேன்னு கேட்டேனுங்க."

"தெரு மாறி வந்திருப்பீங்க."

"பெரியவங்க சொன்னா சரிங்க," என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டைப் பார்த்து ஒரு நிமிடம் நால்வரும் தலை குனிந்து நின்றார்கள். பிறகு போய்விட்டார்கள்.

அடக்கம் முடிந்து திரும்பியதும் தம்பி மனைவி என்னிடம் வந்தாள்.

"கப்பல்லேருந்து ஒருத்தர்கூட வரலையே மாமா. அவங்கள்ல யாராவது இறந்துட்டா ஆளுக்கு ஒரு பின்னல் போட்டு வளையம் முடைஞ்சு, குழியில கூடவே வைப்பாங்க. இவரே மூணு பேருக்கு முடைஞ்சிருக்காரு. இவருக்குன்னு யாரும் வரலையே."

சட்டையைக்கூட மாற்றாமல் துறைமுகத்துக்குப் போனேன். கப்பல் மதியமே கிளம்பிவிட்டது. இறந்தவர் சாமான் கப்பல் ஏஜெண்ட் அலுவலகத்தில் இருக்கும் என்றார்கள். சாமான் வாங்க வந்தேன் என்றதும் அங்கே மேசையில் இருந்த குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார்.

"யாரோட சாமானுங்க?"

"அந்தக் கப்பல்ல இறந்தவரோடது."

"போசன் சாமானா? ஒரு பையும் ஒரு வளையமும் இருக்கு. அவங்க ஆளுங்க வீடு வரைக்கும் போனாங்களாம். வாசல்ல கேப்டன்னு போட்டிருந்துதாம். வீட்டுக்காரங்களுக்கு நாலு பேர் முன்னாடி சங்கடம் வேணாம்னு திரும்பிட்டாங்க." படிவத்தை என் பக்கம் தள்ளினார். "நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"நான் போசனோட அண்ணன்."

தம்பியைப் போசன் என்று நான் வெளியில் சொன்னது அதுதான் முதல் முறை. கேட்டுக்கொண்டிருந்தது ஒரு குமாஸ்தா மட்டும்.

வீட்டுக்கு வந்து வளையத்தைத் தம்பி மனைவியின் மடியில் வைத்தேன்.

"அவங்க வந்தாங்கம்மா. பலகையைப் படிச்சுட்டுத் தயங்கினாங்க. நான்தான் இங்க இல்லைன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். ஒவ்வொரு பின்னலாக விரலால் தடவிக்கொண்டே வந்தாள்.

"மண்ணு மூடியாச்சே மாமா. இனி இதை எங்க வைக்கிறது?"

வாசலில் அந்தப் பலகை அப்படியே இருந்தது. கழற்றலாம் என்று எழுந்தேன்.

"இருக்கட்டும் மாமா," என்றாள். "படிச்சுப் பார்க்க வேண்டியவங்க படிச்சுட்டுப் போயிட்டாங்க."