வசிஷ்டருக்குப் பக்கத்தில்

என் கல்யாணத்தில் அய்யர் கேட்ட கேள்விக்கு நான் உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். அம்மி மிதித்து முடிந்ததும் எங்கள் இரண்டு பேரையும் மண்டபத்து வாசலுக்கு அழைத்துப் போய், கொளுத்துகிற வெயிலில் வானத்தைக் காட்டி, "அருந்ததி தெரியறதா?" என்றார். என் பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை சூர்யபிரகாஷ் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "தெரியுது" என்றார். எனக்குக் கண் கூசியது. "தெரியலைங்களே" என்றேன்.

மண்டபமே சிரித்தது. என் மாமியார் விஜயலட்சுமி மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பதிலைப் பத்திரமாக முடிந்து வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து சாம்பாரில் உப்புக் குறைந்தால், "அருந்ததியே தெரியாதவளுக்கு உப்பு எங்க தெரியப் போகுது?" பால் பொங்கி வழிந்தால் அருந்ததி. வருஷத்துக்கு ஒருமுறை சிங்கப்பூரிலிருந்து வந்து பதினைந்து நாள் இருந்துவிட்டுப் போகும் புருஷனுக்குக் குழந்தை பெற்றுத் தராததற்கும் அருந்ததி. சொந்தக்காரர்களிடம் என்னை அறிமுகப்படுத்துவதே, "இவதான், அருந்ததி தெரியலைன்னு சொன்னாளே, அவ" என்றுதான். தங்கமணி என்ற என் பெயர் பலருக்கு மறந்தே போயிருக்கும்.

என்னையும் சிங்கப்பூருக்குக் கூட்டிப்போகச் சொல்லி ஒருமுறை பிடிவாதம் பிடித்தேன். அடுத்த முறை வரும்போது அவர் ஒரு நீளமான அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே ஒரு டெலஸ்கோப். "வானத்தைப் பாத்துக்கிட்டு இரு. பொழுது போகும்" என்றார். நான் அதைப் பிரிக்காமல் பரணில் போட்டேன்.

போன ரம்ஜானுக்கு ஊருக்கு வந்த ஃபாஜில் எங்கள் வீட்டுக்கு வந்தான். கூத்தாநல்லூர்க்காரன், அவர் வேலை பார்க்கும் கம்பெனியிலேயே வேலை. பிரியாணி டப்பாவைக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றான். அத்தை பின்கட்டில் இருக்கிறார் என்று தெரிந்ததும் சொன்னான்.

"அக்கா, அண்ணன் அங்க தனியா இல்லக்கா. ஒரு பொண்ணோட இருக்காரு. ஒரே வீடுதான். உங்க மாமியார்கூட டெய்லி அதுகிட்ட வீடியோ கால்ல பேசுறாங்க. தங்கச்சி கல்யாணம் முடிஞ்சதும் உங்களை அம்மா வீட்டுக்கு அனுப்பிடுறதா பேச்சு. என் பேரு வெளிய வந்துடக் கூடாதுக்கா, வேலை போயிடும்."

சாப்பிட்டதும் செல்போனை எடுத்துக்கொண்டு அத்தை ஏன் மொட்டை மாடிக்கு ஓடுகிறார் என்பது அப்போதுதான் விளங்கியது. அந்த ஆளுக்கு நான் வைத்திருந்த மரியாதை அந்த வாசலிலேயே தீர்ந்துபோனது. இனி அவன் என்றுதான் சொல்வேன்.

போய்க் கேட்டிருக்கலாம்தான். கேட்டால் இல்லை என்பான். அத்தை தலையில் அடித்துக்கொண்டு சத்தியம் செய்வார். ஃபாஜிலைச் சாட்சிக்கு இழுக்க முடியாது. நம்ப வேண்டியவர் என் மாமனார் பஞ்சநதம். ஒரு குருவிக்குக்கூட அநியாயம் நினைக்காத மனிதர். ஆனால் பெண்டாட்டி பேச்சைத் தாண்டி அவருக்கு இந்த வீட்டில் எதுவும் காதில் விழாது. அருந்ததி தெரியாதவள் பேச்சு எடுபடுமா? அவன் வாயாலேயே, எல்லாரும் இருக்கும்போது வர வேண்டும். அதற்கு வழி தெரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு திரிந்தேன்.

பெட்டியைப் பரணிலிருந்து இறக்கியதுகூடக் கோபத்தில்தான். பொழுது போகும் என்றானே, போகட்டும் என்று முக்காலியை மாடியில் விரித்தேன். முன்னால் பெரிய லென்ஸ், நடுவில் வெறும் குழாய், பின்னால் வெளிச்சத்தை மேலே திருப்ப ஒரு சாய்வுக் கண்ணாடி, அதில் கண் வைத்துப் பார்க்க ஒரு சின்ன ஐபீஸ். அவ்வளவுதான் சாமான். ஆனால் லேசில் வழிக்கு வரவில்லை. நிலாவைத் தேடினால் தென்னை மட்டை தெரிந்தது. மேலே குறி பார்ப்பதற்கென்று ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டிக் குழாயும் பெரிய குழாயும் ஒரே இடத்தைப் பார்க்க வேண்டும் என்பதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதைப் பகலில் சரிசெய்ய வேண்டும். நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கும் ரைஸ் மில் புகைபோக்கியைப் பிடித்தேன். குட்டிக் குழாயில் அது தலைகீழாகத் தொங்கியது. பெரிய குழாயில் நேராக நின்றது, இடதும் வலதும் மட்டும் மாறியிருந்தது. இரண்டிலும் புகைபோக்கி நடுவில் வரும்வரை திருகாணியைத் திருகிக்கொண்டே இருந்தேன். அதற்குள் கேட் மூடி, ரயில் போய், திறந்து, மறுபடி மூடிவிட்டார்கள்.

வைகாசி பிறந்ததும் வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. உளுந்து எடுத்த வயலெல்லாம் வெடித்துக் கிடந்தது. வாய்க்காலில் தண்ணீர் வர இன்னும் நாள் இருந்தது. இருட்டியதும் வடக்கே ஏழு நட்சத்திரம் கரண்டி மாதிரி கிடந்தன. காம்பின் நடுவில் இருப்பவர் வசிஷ்டர். அவரை ஒட்டி மங்கலாக ஒன்று, அதுதான் அருந்ததி. வெறும் கண்ணுக்கே தெரிந்தது. ராத்திரியில் காட்டியிருந்தால் நானும் அன்றைக்கே தெரிகிறது என்று சொல்லியிருப்பேனே என்று ஆத்திரமாக வந்தது.

குழாயைத் திருப்பினேன். முதலில் குறைவாகப் பெரிதாக்கும் ஐபீஸ், பிறகு கூடுதலாகப் பெரிதாக்குவது. மெதுவாகத் திருகித் தெளிவாக்கினேன். வசிஷ்டர் இரண்டாகப் பிரிந்தார்.

கை பட்டு ஆடுகிறதோ என்று கையை எடுத்துவிட்டுப் பார்த்தேன். ஆட்டமில்லை. வசிஷ்டரோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு நட்சத்திரம் நின்றது. அருந்ததி எங்கேயோ தள்ளி, ஓரத்தில் தனியாக இருந்தது. கல்யாணத்துக்குக் கல்யாணம் வானத்தில் கையைக் காட்டுகிறார்களே, ஒருவராவது கிட்டே போய்ப் பார்த்தார்களா? நான் வாய்விட்டுச் சிரித்தேன். கீழேயிருந்து அத்தை, "மாடியில என்ன இளிப்பு?" என்றார்.

நாத்தனார் பவதாரிணியின் கல்யாணத்துக்கு அவன் வந்து இறங்கினான். அந்தப் பெண்ணின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதனால் தாலி ஏறும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று இருந்தேன். அம்மி மிதித்து, அய்யர் வாசலுக்குக் கூட்டிப்போய்க் கையைக் காட்டினார். அத்தை ஊருக்கே கேட்கும்படி சொன்னார்: "பவி, நீயாவது தெரியுதுன்னு சொல்லு. உங்க அண்ணி மாதிரி என் மானத்தை வாங்கிடாத."

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். எனக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தயக்கமும் அந்தச் சிரிப்போடு போயிற்று.

மதியம் பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு வண்டி ஏற்றிவிட்டோம். நெருங்கிய சொந்தம் மட்டும் எங்கள் வீட்டில் தங்கியது. அத்தையின் தம்பி அண்ணாதுரை என்னைப் பார்த்து, "காலையில எங்கயும் போயிடாதம்மா, கொஞ்சம் பேச வேண்டியிருக்கு" என்றார். என்ன பேச்சு என்று எனக்குத் தெரியாதா? நான் தலையாட்டினேன். பொழுது சாய்ந்ததும் முக்காலியை விரித்து, குழாயை மாட்டி, குறியைச் சரிபார்த்துவிட்டுக் கீழே வந்து சொன்னேன்.

"எல்லாரும் மாடிக்கு வாங்க. அருந்ததி காட்டுறேன்."

எனக்கு ஆள் திரட்டும் வேலையே இல்லை. அருந்ததி தெரியாதவள் அருந்ததி காட்டுகிறாள் என்றால் யார் வராமல் இருப்பார்கள்? மாமனார்கூடச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஏறி வந்தார். அவருக்குப் போன மாசம்தான் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. அவன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து போனை நோண்டிக்கொண்டு நின்றான்.

அத்தையின் ஒன்றுவிட்ட அக்கா அம்சம் பெரியம்மாவை முதலில் கூப்பிட்டேன். அவர் காதில் ஒன்று விழுந்தால் அடுத்த பஸ்ஸில் மன்னார்குடி போய்ச் சேர்ந்துவிடும்.

"குழாயைத் தொடாதீங்க பெரியம்மா. கண்ணை மட்டும் வைங்க. நடுவுல பளிச்சுன்னு இருக்கறது வசிஷ்டர், தள்ளி இருக்கறது அருந்ததி."

"தெரியுதுடி. ஆனா வசிஷ்டர் பக்கத்துல ஒட்டிக்கிட்டு இன்னொண்ணு நிக்குதே."

"நிக்குதா?"

"நல்லா நிக்குது. பொண்டாட்டியைத் தள்ளி நிறுத்திட்டு இது யாருடி நடுவுல?"

"கீழ இருந்து பாத்தா தெரியாது பெரியம்மா. தூரத்துல இருக்கறவங்களுக்கு அவரு ஒத்தை ஆளாத்தான் தெரிவாரு. கிட்டப் போய்ப் பாத்தவங்களுக்குத்தான் தெரியும்."

சிரிப்பு எழுந்தது. சுவரோரம் செல்போன் வெளிச்சம் அணைந்தது. அத்தை, "கண்ணாடிக் கோளாறா இருக்கும்" என்றார்.

"உங்க பிள்ளை வாங்கிட்டு வந்தது அத்தை. கோளாறு இருக்காது. நீங்களே பாருங்க."

நட்சத்திரம் நகர்ந்திருந்தது. திருகி நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டு ஒதுங்கினேன். அத்தை குனிந்தார். ஒரு நொடிகூட ஆகவில்லை, சுட்டது போல நிமிர்ந்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலை."

"என்னக்கா" என்றார் அண்ணாதுரை. "உனக்கே அருந்ததி தெரியலையா?"

இந்த முறை மாடியே சிரித்தது. இத்தனை வருஷமாக நான் விழுங்கிய சிரிப்பையெல்லாம் அத்தை ஒரே வாயில் விழுங்கினார். இனிப்பாக இருந்தது எனக்கு. அதற்குமேல் நான் திட்டம் எதுவும் போட்டிருக்கவில்லை. ஊர் வாயில் போட்டுவிட்டால் அது மென்று துப்பும், காலையில் பேச்சு என் பக்கம் கொஞ்சம் சாயும் என்றுதான் நினைத்திருந்தேன்.

மாமனார் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு குனிந்தார். நிதானமாகப் பார்த்தார். பிறகு, எங்கள் வீட்டில் படித்தவன் என்று அவர் நம்பும் ஒரே ஆளிடம் திரும்பிக் கேட்டார்.

"டேய் சூர்யா, பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு இருக்கே, யாருடா அது?"

"அவ சும்மா கூட வேலை பாக்கிறவப்பா. வேற ஒண்ணும் இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. ரயில்வே கேட்டில் காத்திருந்த லாரிகள் கிளம்பும் சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது.

"நான் நட்சத்திரத்தைக் கேட்டேன்டா" என்றார் மாமனார்.

அவன் அம்மாவைப் பார்த்தான். அது போதும். மாமனாரும் அத்தையைத்தான் பார்த்தார். "உனக்கும் தெரியுமா?" என்றார். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அம்சம் பெரியம்மா மட்டும் தனக்குள் சொல்வது போல, "'அது'ன்னுதானே கேட்டாரு, அவன் 'அவ'ங்கறானே" என்றார்.

மாமனார் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "காலையில பேச்சு நடக்கட்டும் அண்ணாதுரை" என்றார். "ஆனா எம் மருமக எங்கயும் போகல. போறது யாருன்னு பேசுவோம்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டேன். இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. திருகாணியைத் திருகி மூன்றையும் மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்தேன்.

"நீங்க இன்னும் பாக்கலையே. வாங்க."

"தங்கமணி, கீழ போய்ப் பேசிக்கலாம்."

"வாங்க."

அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்தான். குனிந்தான்.

"தெரியுதா?" என்றேன்.

வெயிலில் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் முந்திக்கொண்டு சொன்ன வாய், இப்போது திறக்கவில்லை. அண்ணாதுரை, "கேக்குறால்ல, சொல்லேன்டா" என்றார்.

"தெரியுது."

"அருந்ததி?"

"தள்ளி இருக்கு."

"தள்ளியே இருக்கட்டும்" என்று சொல்லி, முன்னால் போய் லென்ஸின் மூடியை மாட்டினேன்.