முதலில் சுண்டல்

அரசுப் பெண்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு மாலைச் சிறப்பு வகுப்பு. அது முடிந்த பிறகுதான் பள்ளி தரும் சுண்டல் கைக்கு வரும். அதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ராஜமதி சமண வீட்டுப் பெண். இருட்டிய பின் வாயில் எதையும் போடமாட்டாள். பசி வயிற்றைக் கிள்ளக் கிள்ள அல்ஜீப்ரா போடுவாள்.

“சுண்டலை முன்னாடியே குடுங்க சார்,” என்று இன்றும் கேட்டாள்.

கணக்கு வாத்தியார் பிரசாத் சிரித்தார். “முன்னாடி குடுத்தா எல்லாரும் தின்னுட்டு ஓடிடுவீங்க. ஏம்மா, ஒருநாள் இருட்டுல சாப்பிட்டா சாமி கண்ணக் குத்திடுமா?”

ராஜமதிக்குச் சுருக்கென்றது. ஜன்னல் வழியே பார்த்தாள். சூரியன் இன்னும் மலைக்குப் பின்னால் இறங்கவில்லை. நேராகப் போய் மூலையிலிருந்த குண்டானைத் திறந்தாள்.

“ஏய், போய் உக்காரு!”

அவள் திரும்பவே இல்லை. பெஞ்சு பெஞ்சாகப் போய் எல்லார் கையிலும் சுண்டலை அள்ளிப் போட்டாள். கடைசியில் தன் பங்கை அவர் எதிரில் நின்றே தின்றாள். பிறகு போய் வகுப்புக் கதவை அகலத் திறந்து வைத்தாள்.

ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை, தினமும் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸுக்குப் பறக்கும் யமுனாகூட.

“யாரும் ஓடல சார். பாடத்த நடத்துங்க.”