கார்டில் இல்லாத வரி

மேனேஜர் மேஜைக்கு அடியில் ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போயாகிவிட்டது. மீட்டிங் ரூமில் நாங்கள் இரண்டு பேர்தான். வழக்கமாக நான் கைகட்டி நிற்கும் இடத்தில் அவர் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு முழித்தார். "இந்த ஷூ இப்பல்லாம் ரொம்பக் கடிக்குது. ஒரு சைஸ் பெருசா வாங்கணும்" என்றார். நன்றாகக் கடிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மருந்துக் கம்பெனி ரெப் என்றால் இனிமேல் தகுதித் தேர்வில் பாஸாகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு எந்த டாக்டர் முன்னாலும் போய் நிற்க முடியாது என்று சட்டம் வந்துவிட்டது. ரெப்புகளை மேய்க்கிற மேனேஜர்களையும் அது விடவில்லை. நான் முதல் தடவையிலேயே நல்ல மார்க்கோடு பாஸ். அவர் ஃபெயில். இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான், அதையும் கோட்டைவிட்டால் வேலை போய்விடும். தலைமை ஆபீஸிலிருந்து என்னைக் கூப்பிட்டு, "நீங்கதாம்மா அவருக்குச் சொல்லிக்கொடுத்துக் கரையேத்தணும்" என்றார்கள். வந்த சிரிப்பை இருமலாக மாற்றிவிட்டு, சரி என்றேன்.

அவருக்கும் எனக்குமான கணக்கு எங்கள் மூட்டுவலி மாத்திரையில் ஆரம்பித்தது. அது சந்தைக்கு வந்தபோது, டாக்டர்களிடம் காட்டுவதற்கான வழவழப்பான கார்டை அவரே உட்கார்ந்து எழுதினார். வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் மாடிப்படியில் தாவி ஏறுகிற படம், அதற்குக் கீழே 'எவருக்கும், எந்த வயதிலும் பாதுகாப்பானது' என்று கொட்டை எழுத்து. நான் சும்மா இருந்திருக்கலாம். மீட்டிங்கில் எழுந்து, "சார், கிட்னி கோளாறு இருக்கறவங்களுக்கு இதைக் கொடுக்கக் கூடாதே, அந்த வரி கார்டுல இல்லையே" என்று கேட்டுவிட்டேன்.

"அடேங்கப்பா! நம்ம கம்பெனிக்கு ஒரு டாக்டரம்மா வந்திருக்காங்க. எல்லாரும் எழுந்து ஒரு கும்பிடு போடுங்கப்பா" என்றார். எல்லோரும் எழுந்து கும்பிட்டார்கள், தினமும் என் டிபன் பாக்ஸில் கை வைக்கிறவன் உட்பட. அதோடு விட்டாரா? என்னை முன்னால் வரச்சொல்லி அந்தக் கார்டை வாசிக்கவைத்தார். "இன்னும் கொஞ்சம் சிரிச்சுச் சொல்லு. பொம்பளைப் பிள்ளை சிரிச்சாத்தான் டாக்டர் எழுதுவார்." என் கன்னம் வலிக்கிறவரை வாசித்தேன்.

அன்றிலிருந்து என் பெயர் செத்துப்போனது. ஆபீஸில் டாக்டரம்மா, கிளினிக் வாசலில் டாக்டரம்மா, மருந்துக் கடைக்காரர்கூட "டாக்டரம்மா, ஃபீஸ் எவ்ளோ?" என்று பல்லைக் காட்டுவார். பதவி உயர்வு வந்தபோது, "டாக்டரம்மாவுக்கு எதுக்குப்பா இதெல்லாம்" என்று இன்னொருவனுக்குக் கொடுத்தார். என் கணவர், "விட்டுத்தள்ளு, வேலைன்னா இதெல்லாம் இருக்கும்" என்பார். அவருக்கு என்ன, கும்பிடு வாங்கியவள் நான்தானே. எனக்கு ஆறவே இல்லை.

அவரைக் கவிழ்க்க நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை, சட்டப் பிரிவுகள் என்று மற்ற எல்லாவற்றையும் ஒழுங்காகவே சொல்லிக்கொடுத்தேன். ஆனால் அந்தத் தேர்வில் நோயாளி பாதுகாப்பு என்று தனிப் பகுதி உண்டு. அதில் ஒரு பதில் தவறினாலும் மொத்தமும் ஃபெயில். மூட்டுவலி மருந்தை யாருக்குக் கொடுக்கக் கூடாது என்ற கேள்வி அதில் வராமல் இருக்காது.

"இவ்ளோ பெரிய பாடமா? எதைன்னு படிக்கறது?" என்று அந்தப் பக்கங்களைப் புரட்டினார்.

"இதுக்குப் புத்தகம் எதுக்கு சார்? நீங்க எழுதின கார்டு இருக்கே."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. கார்டைப் பார்க்காமலே ஒப்பித்தார். "இன்னும் கொஞ்சம் சிரிச்சுச் சொல்லுங்க சார்" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னார். அன்று வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

தேர்வன்று மையத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் எங்கள் ஆபீஸ் ஆட்களோடு நானும் காத்திருந்தேன். வாழ்த்துவதற்கு வந்ததாக அவர்களிடம் சொல்லியிருந்தேன். மேனேஜர் மெதுவாகச் சாலையைக் கடந்து வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"எல்லாருக்கும் டீ என் கணக்கு" என்று பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். "டாக்டரம்மா, நீ சொன்னது அப்படியே வந்துச்சு! நம்ம மாத்திரையை யாருக்குக் கொடுக்கக் கூடாதுன்னு கேட்டிருந்தான். அப்படி யாருமே இல்லை, எல்லாருக்கும் கொடுக்கலாம்னு போட்டேன்."

எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. முடிந்தது கதை. மேஜையைக் காலி செய்துகொண்டு அவர் வெளியே போவதை, கும்பிட்ட அத்தனை பேரும் பார்க்கப்போகிறார்கள். டீ அவ்வளவு இனித்தது.

அவர் ஷூவைக் கழற்றினார். இரண்டு கையாலும் பிடித்து இழுக்கவேண்டியிருந்தது. சாக்ஸைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக் கணுக்காலைத் தடவினார். பெருவிரல் அழுத்திய இடம் குழிந்து, அப்படியே நின்றது. கால் மட்டுமில்லை, கண்ணுக்குக் கீழேயும் உப்பியிருந்தது. தூக்கமில்லாமல் படித்ததால் என்றுதான் நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரைப் பட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். எங்கள் மாத்திரை.

"சார், இதை நீங்களா சாப்பிடறீங்க?"

"பின்னே? முட்டி வலி உயிர் போகுது. மாத்திரை சந்தைக்கு வந்த நாள்லேருந்து காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. நம்ம மருந்தை நாமளே நம்பலைன்னா வேற யாரு நம்புவா?"

கார்டை எழுதியவர் தெரிந்தேதான் பொய் எழுதினார் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இந்த மனுஷன் அதை நம்பியிருக்கிறார். எனக்கு அவர் மேல் அதுவரை வராத கோபம் வந்தது. நிம்மதியாக வெறுக்கக்கூட விடமாட்டேன் என்கிறாரே.

"கால் எப்பத்துலேருந்து வீங்கியிருக்கு? யூரின் சரியாப் போகுதா சார்?"

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு கடையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். "பாருங்கப்பா, டாக்டரம்மா வைத்தியத்தை ஆரம்பிச்சுட்டா! எழுந்து ஒரு கும்பிடு போடுங்க." பெஞ்சுகள் நகர்ந்தன. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் எழுந்து கும்பிட்டார்கள்.

என் காது எரிந்தது. மாத்திரைப் பட்டை என் உள்ளங்கைக்கு அடியில் இருந்தது. எப்போது கையை அதன்மேல் வைத்தேன் என்று தெரியவில்லை.

"மாத்திரையைக் குடும்மா, டீ ஆறுது" என்று அவர் கையை நீட்டினார். அந்த விரல்களில் மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. கும்பிட்ட கைகள் இன்னும் இறங்கவில்லை. பட்டையின் கூர்மையான ஓரம் உள்ளங்கையில் பதிய, நான் கையை அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.