நம்பும்படியான முடிவு

முக்காலியைக் கையில் பிடித்தபடி, எந்த மேசையிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் ஆசிரியர் நின்றுகொண்டிருந்தார். ஆண்டின் முதல் நாளைத் தவிர, கதை எழுதும் வகுப்பில் அவர் கரும்பலகைப் பக்கமே போவதில்லை. குட்டையான அந்த முக்காலியைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாகப் போவார். பக்கத்தில் போட்டு உட்கார்ந்தால் அவர் தலை பிள்ளையின் தலைக்குச் சற்றுக் கீழே வரும். பிள்ளை எழுதியதை வாசிக்கும். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒன்றிரண்டு கேள்விகள் கேட்பார். பிறகு எழுந்து அடுத்த மேசைக்குப் போவார். இன்று சன்னலோரத்தில் அந்தச் சிறுமி திரும்ப வந்து உட்கார்ந்திருந்தாள். மடித்த தாள்கள் ஒரு கட்டாக அவள் முன்னால் இருந்தன. அவர் வருவதற்காக அவள் காத்திருந்தாள். அவர் கதவோரத்திலிருந்து தொடங்கினார்.

காலையில் பள்ளி வாசலில் அவளுடைய சித்தி அவரை ஓரமாக அழைத்துப் பேசியிருந்தாள். தம்பி இறந்த பிறகு இன்றுதான் அவளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள்.

“பெரியவ சரியா தூங்குறதே இல்ல சார். எந்நேரமும் எழுதிக்கிட்டே இருக்கா. சின்னவன்…” என்று தொடங்கிய சித்தி அந்தச் சொல்லைத் தாண்ட முடியாமல் நின்றாள். சின்னவன் இல்லாத வீட்டில் இனி யாரைப் பெரியவள் என்று கூப்பிடுவது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது போலிருந்தது. “தான் கதையில அப்படி எழுதுனதாலதான் தம்பி போயிட்டான்னு சொல்றா. அவ அம்மா எடுத்துச் சொல்லிப் பாத்தாச்சு. அவ அப்பா அதட்டிக்கூடப் பாத்துட்டாரு. காதுலயே வாங்க மாட்டேங்கிறா. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார். எங்க சார் சொன்னாருன்னா அவளுக்கு அதுக்கு மேல பேச்சே கிடையாது.”

அவர் தலையாட்டினார். அப்படி எழுத வைத்தது யார் என்று சித்திக்குத் தெரிந்திருக்கவில்லை. அல்லது தெரிந்தும் கேட்காமல் விட்டிருக்கலாம்.

‘ஒரு ஊரில் ஒரு பையன் இருந்தான்’ என்றுதான் அவள் அந்தக் கதையைத் தொடங்கியிருந்தாள். பையன் மருத்துவமனையில் படுத்திருக்கிறான். கையில் ஊசி குத்தியிருப்பதால் மற்றக் கையால் படம் வரைகிறான். படம் கோணலாக வருகிறது. ஒரு பக்கம் முழுக்க இப்படி எழுதிவிட்டுக் கடைசியில், ‘மறுநாள் அவனுக்கு எல்லாம் சரியாகி வீட்டுக்கு வந்துவிட்டான்’ என்று ஒரே வரியில் முடித்திருந்தாள். அப்படி ஒரு தம்பி அவளுக்கு இருப்பது அவருக்குத் தெரியாது. முக்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே கேட்டார்: “ஒரு பக்கம் பூரா படுத்துக் கிடந்தவன் ஒரே வரியில எந்திரிச்சு வந்துட்டானா? யாரும்மா நம்புவா?”

“நம்பணும் சார்.”

“நம்புற மாதிரி எழுதினாத்தானே நம்புவாங்க. யோசிச்சுப் பாரு. அந்தப் பையனுக்கு உண்மையில என்ன ஆகும்?”

அவள் வெகுநேரம் அவரைப் பார்த்தாள். யோசிக்கிறாள் என்று நினைத்து அவர் மகிழ்ந்தார். மணியடிக்கும் முன் அவள் கொண்டுவந்து நீட்டிய தாளில் கட்டில் காலியாக இருந்தது. நர்ஸ் விரிப்பை நான்காக மடிக்கிறாள்; மடித்ததை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறாள். படித்து அவருக்கு உடல் சிலிர்த்தது. வகுப்பு முழுவதற்கும் வாசித்துக் காட்டினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அடுத்த வாரம் அவள் பள்ளிக்கு வரவில்லை.

ஆசிரியர் அறையில் கணக்கு டீச்சரிடம் மட்டும் இதைச் சொல்லியிருந்தார். “மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க சார்,” என்றாள் அவள். “இதுக்குத்தான் நான் கணக்கோட நிறுத்திக்கிறது. கழிச்சா யாரும் சாகுறதில்ல.” சொன்னபின் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “வெறும் கதைதானேன்னு சொல்லிடுங்க. சின்னப் புள்ளதானே, மறந்துடும்.”

வெறும் கதைதானே. தன் வகுப்பில் யாரும் சொல்லக் கூடாது என்று அவர் தடுத்து வைத்திருந்த சொல் அது. ஒவ்வோர் ஆண்டும் முதல் நாள் உள்ளே வந்ததும் ஒரு வார்த்தை பேசாமல், ‘கதவுக்கு வெளியே ஒரு யானை நிற்கிறது’ என்று பலகையில் எழுதுவார். அத்தனை தலைகளும் கதவுப் பக்கம் திரும்பும். “பாத்தீங்களா? நான் எழுதினேன், நீங்க திரும்பினீங்க. எழுத்துன்னா அதுதான். எழுதினா நடக்கும்,” என்பார். வேறு எதிலும் அவருக்குப் பெரிய நம்பிக்கை இருந்ததில்லை. ஊர்வம்பு தெரியாது, வீட்டிலும் அதிகம் பேச மாட்டார். இந்த ஒன்றைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருந்தார்.

முதல் மேசையில் எல்லோரும் ‘தாத்தா’ என்று கூப்பிடும் பையன் இருந்தான். நடக்கும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வதால் வந்த பெயர். “சார், இதுல திருடனும் நான்தான், போலீசும் நான்தான். ஆள் பத்தல,” என்று அறிவித்துவிட்டு வாசித்தான். முடித்தபின் அவர் முகத்தையே பார்த்தான். “என்ன சார், கேள்வியே கேக்கல?”

“நல்லா இருக்குடா.”

“ஒண்ணுமே கேக்காம நல்லா இருக்குன்னா எப்படி சார்?” என்று அவன் முனகியது அவர் எழுந்த பின்பும் கேட்டது.

எவ்வளவு மெதுவாகப் போனாலும் இடையிலிருந்த மேசைகள் தீர்ந்துதான் போயின. அவர் சன்னலோரத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அவள் இளைத்திருந்தாள். தாள்களைப் பிரித்து மேசையில் வரிசையாகப் பரப்பினாள். பரீட்சைக்கு வந்தவளைப் போல ஒரு மும்முரம்.

“எல்லாம் முடிவு மட்டும்தான் சார். முன்னாடி எழுதுனது அப்படியேதான் இருக்கு. இதுல எது நம்புற மாதிரி இருக்குன்னு நீங்க சொல்லணும்.”

ஒன்றில் அப்பா பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறி வருகிறார். ஒன்றில் வீட்டு வாசலிலேயே பையன் வாந்தியெடுக்கிறான். அம்மா திட்டத் தொடங்கி, சிரித்துவிடுகிறாள். “இது எழுதினப்போ வருவான்னு நெனச்சேன். வரல. கொஞ்சம் பொய் மாதிரி இருந்துச்சு போல,” என்றாள். கடைசித் தாளை அவரிடம் தள்ளினாள். “இதுக்காகத்தான் இன்னிக்கு வந்தேன்.”

அதில் எல்லோரும் பையனை அழைத்துவர மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள். அவனோ யாருக்கும் சொல்லாமல் தனியாக வீட்டுக்கு வந்துவிடுகிறான். கதவு பூட்டியிருக்கிறது. படியில் உட்கார்ந்திருக்கிறான். ஒரு செருப்பின் வார் அறுந்திருக்கிறது. இருட்டத் தொடங்கும்போது அவர்கள் வெறுங்கையோடு திரும்பி வருகிறார்கள். ‘எங்க போனீங்க எல்லாரும்?’ என்று அவன் கோபமாகக் கேட்கிறான்.

அவர் அதை இரண்டாம் முறை படித்தார். அவர் வகுப்பில் இதுபோல் ஒரு பிள்ளையும் எழுதியதில்லை. படியில் அவன் உட்கார்ந்திருப்பதை அவர் பார்த்தார்.

“நம்புற மாதிரி இருக்கா சார்?”

“நீ எழுதினதால தம்பி போகலம்மா,” என்றார். குரல் அவருடையதாகவே இல்லை. “அவனுக்கு நோய். நீ எதை எழுதியிருந்தாலும்…”

“அது இல்ல சார். இது நம்புற மாதிரி இருக்கா?”

“எழுதினா எதுவும் நடக்காதும்மா. யானை வந்துச்சா? வரல இல்ல?”

“எல்லாரும் திரும்பிப் பாத்தோமே சார்.”

வெளியே யாரோ வாளியை இழுத்துக்கொண்டு நடைக்கூடத்தைக் கடந்துபோனார்கள். பழி தன்மேல் என்று இவள் நம்பும்வரை, திருத்தும் வழியும் இவள் கையில் இருந்தது. ஒன்றைப் பிடுங்கினால் மற்றதும் கூடவே வந்துவிடும். பிடுங்காமல் விட்டால் இவள் இன்னும் எத்தனை தாள் எழுதுவாள்? ‘நன்றாக இருக்கிறது’ என்று சொன்னால் இன்று வீட்டுக்குப் போய்ப் படியைத்தான் முதலில் பார்ப்பாள்.

“எழுதி யாரையும் அனுப்ப முடியாது,” என்றார். “எழுதி யாரையும் கூட்டிட்டு வரவும் முடியாது. முதல் நாள் நான் சொன்னது தப்பு.”

“அப்ப இது வெறும் பேப்பரா சார்?”

“ஆமா.”

“உங்களுக்கு நல்லாத் தெரியுமா?”

“தெரியும்.”

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அழுதிருந்தால் எதையாவது சொல்லியிருப்பார். அவள் வீட்டுப்பாடம் கேட்டுக்கொள்வதுபோல் “சரி சார்” என்றாள். அவர் எழுந்து போகட்டும் என்று காத்திருந்தாள். அவர் போனார்.

அடுத்த மேசைப் பிள்ளை எதையோ வாசிக்கத் தொடங்கியது. அவர் காதில் ஒன்றும் ஏறவில்லை. பின்னால் விடாமல் தேய்க்கும் சத்தம் கேட்டது. பிறகு பக்கத்துப் பெண்ணின் குரல்: “ஏய், போதும் குடு. என் ரப்பர் பூரா தேஞ்சுபோச்சு.”

திரும்பிப் பார்த்தார். கடைசித் தாள் வெறுமையாக, ஓரிடத்தில் கிழிந்து, அவள் முன்னால் கிடந்தது. மேசையெங்கும் உதிர்ந்திருந்த கறுத்த ரப்பர் தூளை அவள் உள்ளங்கை ஓரத்தால் ஒன்றுவிடாமல் கூட்டி, இன்னொரு கையில் அள்ளிக்கொண்டாள். அதை ஊதிவிடவில்லை, கீழே தட்டிவிடவுமில்லை. விரல்களை மூடிக்கொண்டு, அந்தக் கையை மேசைமேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.