அரைக்கதவுக்கு அந்தப் பக்கம்

1

இந்தக் கதை ஒரு பெஞ்சில் பிறந்தது. அறுபத்து நான்கில், பம்பாய் மாதுங்காவில், ஒரு முனிசிபல் அலுவலகத்தின் மாடித் தாழ்வாரத்தில் கிடந்த பெஞ்சு. நான் அதில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தேன். உள்ளே என் மருமகள் ஆறுமுகத்தாய், தமிழ் டீச்சர் வேலைக்கான நேர்முகத் தேர்வில் இருந்தாள். நடுவே, மேலும் கீழும் இடைவெளி விட்ட ஓர் அரைக்கதவு. அந்தப் பக்கம் நடந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கதை எதற்கு?

‘ஆறுமுகத்தாய்க்கு உள்ளங்கை வியர்த்தது’ என்று முதலில் தொடங்கினேன். அடித்துவிட்டேன். எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு அந்நியர் முன்னால் வியர்க்காது.

[வியர்த்திருக்கலாம். எழுதமாட்டேன்.]

2

ஆகவே வீட்டிலிருந்து தொடங்குகிறேன்.

தாராவியில் எங்களுக்கு ஒரே அறை. ஆறுமுகத்தாயின் புருஷன், என் மகன் சொரிமுத்து, பட்டறை இயந்திரத்தில் வலது கையைக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்தான். எங்கள் வீட்டில், பாளையங்கோட்டையில் டீச்சர் பயிற்சி முடித்தவள் அவள் ஒருத்திதான். இந்த வேலை கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்பி, என் மைத்துனன் வீட்டு வாசலில் நாங்கள் நிற்கவேண்டும். நான் யார் வீட்டு வாசலிலும் நின்றதில்லை.

ஒத்திகை நடந்தது. என் மனைவி பேராச்சி டிரங்குப் பெட்டிமேல் அதிகாரியாக உட்கார்ந்தாள். ஆறுமுகத்தாய் வெளியே போய்ப் போய் உள்ளே வந்தாள். அனுமதி கேட்டு வரவேண்டும். சொன்ன பிறகுதான் உட்காரவேண்டும். முந்தானையை விரலில் சுற்றக்கூடாது.

“எதுக்குட்டி இந்த வேலைக்கு வந்திருக்க?”

“அத்தை, நீங்க சிரிச்சா எனக்கும் சிரிப்பு வருது.”

“ஆபீசரு சிரிக்கமாட்டாம்னு யாரு சொன்னா? கேக்கதுக்குப் பதில் சொல்லு.”

எல்லாம் கேட்டோம். பெயரைக் கேட்கவில்லை. வீட்டில் யார் பெயர் கேட்பார்கள்?

பம்பாயில் ஒரு பெண்ணின் முழுப்பெயர் என்றால் புருஷன் பெயரையும் சேர்த்துத்தான். எங்கள் பெண்களோ புருஷன் பெயரை வாயால் சொல்வதில்லை. (பேராச்சி ரேஷன் கடைக்குப் போகும்போதெல்லாம் பக்கத்து வீட்டுச் சுலைகாவைக் கூட்டிக்கொண்டு போவாள். கடைக்காரன் கேட்டால் என் பெயரைச் சுலைகா சொல்லுவாள்.) நேர்முகத்துக்குச் சுலைகாவைக் கூட்டிக்கொண்டு போகமுடியாது.

3

இனி உள்ளே போவோம்.

ஆறுமுகத்தாய் வணக்கம் சொன்னாள். உட்காரச் சொன்ன பிறகே உட்கார்ந்தாள். நாற்காலி சத்தம் போடவில்லை. எதிரே ஓர் அதிகாரி, பக்கத்தில் ஒரு மராட்டியப் பெண்மணி. (அவர் என் கற்பனை இல்லை. உள்ளே போவதைப் பார்த்தேன்.) அதிகாரி தலை நிமிராமல் கேட்டார்:

“பூரா நாம் போலோ, பாயி. பதி கா நாம் பி.”

முழுப்பெயரைச் சொல்லவேண்டும், புருஷன் பெயரோடு.

“ஆறுமுகத்தாய்.”

“ஆகே?”

அப்புறம்? அவள் கண்முன்னால் கட்டுப்போட்ட கையோடு புருஷன் வந்து…

இல்லை, இது சினிமா. அவள் நினைத்தது இன்னும் சாதாரணமாக இருந்திருக்கும். தன் பெயரையே முழுசாகச் சொல்லாதவள் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுப்பாள் என்று இவர்கள் கேட்பார்கள். சொன்னாலோ, வெளியே மாமனார் இருக்கிறார்.

4

முதல் முடிவு: கணீரென்று சொன்னாள். அதிகாரி எழுதிக்கொண்டார். [இதை எழுதிவிட்டுக் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தேன்.]

இன்னொன்று: பேசாமல், மேசைமேல் இருந்த விண்ணப்பத்தில் அந்தப் பெயரை விரலால் காட்டினாள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் வாய் திறக்காத டீச்சரை யார் எடுப்பார்கள்?

மற்றொன்று: அந்த மராட்டியப் பெண்மணி, எங்கள் பெண்களும் சொல்லமாட்டார்கள், விடுங்கள் என்று அதிகாரியைத் தடுத்தார். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அதனாலேயே இதன்மேல் சந்தேகம்.

திரும்பி நடக்கும்போது, “பேரக் கேட்டாவளா?” என்றேன்.

“கேட்டாவ, மாமா.”

அதற்குமேல் நான் கேட்கவில்லை. மாமனார் மருமகளிடம் கேட்கிற கேள்வியா அது?

5

நேற்று இதை அவளிடமே வாசிக்கக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, சாக்பீஸ் தூள் படிந்த கையைக் கழுவிவிட்டு வாசித்தாள். ஆமாம், வேலை கிடைத்தது. எந்த முடிவால் கிடைத்தது என்று உத்தரவில் எழுதியிருக்கவில்லை.

“நல்லாருக்கு மாமா. ஆனா நீங்க பெஞ்சுல உக்காரல.”

“உக்காந்திருந்தேன்.”

“அப்ப அவரு இந்தில கேட்டத எப்படி அப்படியே எழுதுனிய? கதவுக்கு அடில ஒங்க செருப்பு தெரிஞ்சுது.”

அடுப்படியிலிருந்து பேராச்சி, “ஒட்டுக்கேட்டீங்களாக்கும்” என்றாள்.

ஆறுமுகத்தாய் காகிதங்களைத் தட்டி அடுக்கினாள். “‘ஆகே’ன்னு கேட்டாவல்லா, அப்ப மறுபடியும் திரும்பிப் பாத்தேன். செருப்பக் காணோம். படியில எறங்குற சத்தம் கேட்டுது. அதுக்கப்பறந்தான் வாயத் தொறந்தேன்.”

திறந்து என்ன சொன்னாள்? அவள் சொல்லவில்லை. நானும், ஏற்கெனவே சொன்னேனே, கேட்கிறவன் இல்லை.

முதல் பத்தியை நான் திருத்தப்போவதில்லை. பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன், முதுகு சாயாமல். மிச்சத்தை அறிய ஆசையிருந்தால் கதவைத் தள்ளிக்கொண்டு நீங்கள் உள்ளே போங்கள்.

நான் கீழே தெருவில் நிற்கிறேன்.